கையும் கருத்தும்: ஒரு காரின் முன்கண்ணாடி கற்பிக்கும் பாடம்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் நமக்குத் தரப்பட்ட பொருள் தொழிற்கல்வி. தொழிலின் உயர்வைப் பற்றிப் பொதுவாகப் புகழ்ந்துரைத்து அமர்ந்துவிடுதல் எளிது. கேட்டவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இராது. ஆகவே, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதனை அடிமுதல் நுனிவரை ஆராய்வோம். அவ்வேலை, ஒரு காருக்கு வண்ணம் பூசி அதன் முன்கண்ணாடியை ஒட்டுதல். கேட்பதற்குச் சிறிய வேலைதான். ஆயினும் பௌதிகம், இரசாயனம், கணக்கு, ஒழுங்கு, உயிர்ப்பாதுகாப்பு ஆகிய ஐந்தும் இச்சிறு வேலைக்குள் அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

முதலில், எந்தக் கார் என்பதைச் சொல்லவேண்டும். பிரிட்டனில் கிட் கார் என்று ஒருவகை உண்டு. தொழிற்சாலையில் முழுமையாக முடிக்கப்பெற்று வருவதன்று அது. சட்டம், மேற்கூடு, தாங்கிகள் முதலிய உறுப்புகளை ஒரு தொகுதியாக விலைக்கு வாங்கி, எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து எடுத்து, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டிக்கொள்வது. லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் இதற்கு நல்ல சான்று. இலண்டன் பல்கலைக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்ற அவர், 1948இல் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு தம் முதற் காரை உருவாக்கினார். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் கார் உறுப்புத் தொகுதியாகவும் விற்கப்பட்டது. முழுக் காருக்கு அந்நாட்டில் கொள்முதல் வரி இருந்தது. உறுப்புகளாக வாங்கினால் அவ்வரி இல்லை. வருவாய் குறைந்தோரும் கார் உடையோராக அது ஒரு வழியாயிற்று. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அச்சலுகை மறைந்தது. ஆனால் தாமே கார் கட்டும் பழக்கம் மறையவில்லை. இன்றும் அங்கே பலர் கட்டுகின்றனர். அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் கை, மாலையில் உப்புத்தாள் பிடிக்கிறது. அதனால் அக்கையின் மதிப்பு அங்கே குறைவதில்லை.

அவ்வாறு கட்டிய காரை உடனே சாலைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. 1998 முதல் தனி வாகனச் சோதனை ஒன்று நடைமுறைக்கு வந்து, 2009இல் புதிய வடிவம் பெற்றது. விளக்கு, தடை, திசைமாற்றி ஆகியவற்றோடு கண்ணாடியையும் அதில் ஆராய்கின்றனர். ஏற்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி என்பதற்கான முத்திரை அதில் இருத்தல் வேண்டும்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். காரின் முன்கண்ணாடி ஒரே பலகையன்று. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கியது. அந்த ஏட்டின் கனம் பொதுவாக 0.76 மி.மீ. கல் பட்டால் கண்ணாடி விரிசல் காணும்; ஆனால் துண்டுகள் ஏட்டைவிட்டு அகலாமல் நிற்கும். இதற்கு வழிகாட்டியவர் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு இரசாயனர். 1903இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்தது. உடைந்தது; ஆனால் சிதறவில்லை. குடுவையினுள் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, உட்புறம் ஒரு தோல்போலப் படிந்து துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். குடுவை உடைவது எங்கும் நடப்பது. பெருக்கித் தள்ளாமல், ஏன் சிதறவில்லை என்று குனிந்து பார்த்ததே அவர் செய்த பெருஞ்செயல்.

வளைந்த முன்கண்ணாடியைப் புதிதாக வார்ப்பதற்குத் தனி அச்சு வேண்டும். அதற்குச் செலவு மிகுதி. ஆகவே சிறு அளவில் கிட் கார் செய்வோர், பேரளவில் உற்பத்தியாகும் ஏதேனும் ஒரு காரின் கண்ணாடியைத் தேர்ந்து, அதற்கேற்பத் தம் மேற்கூட்டின் வாயிலை வடிவமைத்துக்கொள்வது வழக்கம். லோட்டஸ் செவன் போன்ற திறந்த கார்களில் தட்டைக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி நிறுத்திவிடுவர். கூரையுடைய கார்களில் முற்காலத்தில் ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் கண்ணாடியைச் செருகினர். பிற்காலத்தில் பசையால் ஒட்டும் முறை பரவிற்று. இப்போது நாம் பேசவிருப்பது இப்பசை முறையைப் பற்றியே.

'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்பது நம் முன்னோர் மொழி. இங்கே சுவர் என்பது காரின் மேற்கூடு. பெரும்பாலான கிட் கார்களின் மேற்கூடு, பைபர் கிளாஸ் என்று வழங்கும் கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் பிசினையும் அச்சில் படிய வைத்து ஆக்கப்படுவது. அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக, அச்சின் உட்புறம் மெழுகு தடவியிருப்பார்கள். அந்த மெழுகில் ஒரு பகுதி கூட்டின் மேலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு வழுவழுப்பாக, நன்றாகவே இருக்கும். இந்த மெழுகுதான் வண்ணத்துக்கும் பசைக்கும் முதற் பகை.

பயிலாத கை என்ன செய்யும்? உப்புத்தாளை எடுத்து உடனே தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் மெழுகு போய்விடும் அன்றோ என்று தோன்றும். போகாது. தேய்ப்பினால் உண்டாகும் நுண்ணிய கீறல்களுக்குள் மெழுகு புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதலில் மெழுகு நீக்கும் திரவத்தைத் தூய துணியில் நனைத்துத் துடைக்கவேண்டும். அது உலருமுன் வேறொரு தூய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். அதன் பின்னரே தேய்ப்பு. பின்பு மீண்டும் ஒருமுறை துடைப்பு. இரண்டு வேலைகளும் அவைதாம்; வரிசை மாறினால் பயனும் மாறிவிடுகிறது. பச்சையான புதுக்கூட்டுக்கு உடனே வண்ணம் பூசுவதும் தகாது. பிசின் முழுவதும் இறுகும்வரை அது சிறிது சிறிதாகச் சுருங்கும். அவசரப்பட்டுப் பூசினால், சில திங்கள்களுக்குப் பின் உள்ளிருக்கும் இழையின் நெசவு வண்ணத்தின்மேல் வரி வரியாகத் தெரியும்.

அடுத்துப் பட்டி, பிரைமர், மேல்வண்ணம். இவற்றை நம் இளைஞர் பலர் நன்கு அறிவர்; விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓரிடத்தை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள். கண்ணாடி அமரவிருக்கும் விளிம்பில் மேல்வண்ணம் ஏறாதபடி டேப் ஒட்டி மறைத்துவிடவேண்டும். ஏன்? வண்ணத்தின்மேல் பசை வைத்தால், பசை பிடிப்பது கூட்டையன்று, வண்ணத்தை. வண்ணம் கூட்டை எவ்வளவு பற்றியிருக்கிறதோ, அவ்வளவே கண்ணாடியின் பிடிப்பும். முற்றும் உலராத வண்ணமாயின் அதிலிருந்து தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அது பசையையும் கெடுக்கும். பளபளப்பு வேண்டிய இடம் வேறு. பிடிப்பு வேண்டிய இடம் வேறு.

கூட்டுக்கு வண்ணம் முடிந்தது. இனிக் கண்ணாடிக்கே ஒரு வண்ணம் உண்டு. நீங்கள் ஏறிவரும் புதிய கார்களின் முன்கண்ணாடியை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் சுற்றிலும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அழகுக்காக என்று பலர் எண்ணுவர். அழகு அதற்கு இரண்டாவது வேலை. கண்ணாடியை ஒட்டும் பாலியூரித்தேன் பசைக்குச் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் ஆகா. நாள்தோறும் வெயில் பட்டால், பசையின் மேற்பரப்பு, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதே பரப்பு, தூளாகிப் பிடிப்பை இழக்கும். அக்கதிரைத் தடுக்கும் திரையே அந்தக் கறுப்புப் பட்டை. தொழிற்சாலையில் பீங்கான் தன்மையுள்ள வண்ணத்தைப் பூசி, உலையில் சுட்டு, கண்ணாடியோடு ஒன்றாக்கிவிடுகின்றனர்.

ரப்பர் பீடிங்குக்காகச் செய்யப்பட்ட பழைய காலத்துக் கண்ணாடியில் இப்பட்டை இருப்பதில்லை. கிட் கார் கட்டுவோன் அத்தகைய கண்ணாடியை ஒட்ட நேர்ந்தால், பட்டையைத் தானே தீட்டவேண்டியவனாகிறான். தீட்டவேண்டிய பக்கம் உட்பக்கம். பசை படுவதும் அதே பக்கம். இங்கேதான் அவன் அறிவு சோதிக்கப்படுகிறது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கறுப்புப் பெயிண்டைப் பூசிவிட்டால் பார்வைக்குப் பட்டை கிடைத்துவிடும், ஒளியும் தடைப்படும். ஆனால் சாதாரணப் பெயிண்ட் கண்ணாடியை இறுகப் பற்றாது. பசை பெயிண்டைப் பிடித்திருக்கும். பெயிண்ட் கண்ணாடியை விட்டுவிடும். அப்போது கண்ணாடி முழுவதும் ஒரு மெல்லிய பெயிண்ட் தோலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். ஆகவே, கண்ணாடியைப் பற்றும்படியும் பசையை ஏற்கும்படியும், ஒளியைத் தடுக்கும்படியும் ஆக்கப்பட்ட கறுப்புக் கண்ணாடிப் பிரைமரையே பயன்படுத்தவேண்டும். பசையும் பிரைமரும் ஒன்றுக்கொன்று பொருந்துபவையாக இருத்தல் நன்று. பட்டையின் உள்விளிம்பை டேப்பால் நேராக வரைந்துகொண்டு, கண்ணாடியைத் துடைத்து, மெல்லியதாக ஒரே சீராகப் பூசி, குறிப்பேட்டில் கண்ட நேரம்வரை உலரவிடவேண்டும். அதன்பின் விரலால் தொடலாகாது. விரலின் வியர்வையும் எண்ணெயும் அங்கே ஒரு புதிய மெழுகாகிவிடும்.

ஒட்டுமுன் ஒருமுறை பசையின்றியே கண்ணாடியை வாயிலில் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. கையால் ஆக்கிய கூட்டின் வாயில் எங்கேனும் சற்று முறுக்கிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியை அமுக்கி அதற்கு இணங்கவைக்க முயன்றால், அன்று இணங்கியதுபோல் இருந்து, பின்னொரு நாள் தானாகவே விரிசல் காணும். திருத்தவேண்டியது கூட்டை, கண்ணாடியை அன்று. சரியான இடத்தில் அமர்ந்ததும், கண்ணாடிக்கும் கூட்டுக்கும் குறுக்கே சில டேப் துண்டுகளை ஒட்டி, இடையில் அறுத்துவிட்டால், மீண்டும் வைக்கும்போது அவையே அடையாளமாகும்.

பசையைக் குழாயிலிருந்து பிதுக்கும்போது அது முக்கோண வடிவில், சுமார் 12 மி.மீ. உயரத்தில் எழும்பி நிற்குமாறு, முனையை வெட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிவரும்போது எங்கும் அறுபடக்கூடாது. அறுபட்ட இடத்தில் மழைநீர் புகும். மேற்பரப்பில் தோல் கட்டுமுன், இருவர் சேர்ந்து உறிஞ்சுப் பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி, அடையாளம் பார்த்து வைத்து, சீராக அழுத்தவேண்டும். அழுத்தியபின் பசை சுமார் 5 மி.மீ. கனத்தில் நிற்கவேண்டும், அதற்காகவே இடையிடையே சிறு ரப்பர்க் கட்டைகளை வைக்கின்றனர். கண்ணாடி எந்த இடத்திலும் கூட்டை நேரே தொடலாகாது.

அழுத்தமாக ஒட்டினால் இன்னும் உறுதியாக இருக்குமே, 5 மி.மீ. எதற்கு என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போடுவோம். 1,200 மி.மீ. நீளமுள்ள கண்ணாடி, குளிர்கால இரவுக்கும் கோடை வெயிலுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு. கண்ணாடி ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு நீளும். பெருக்கினால் 0.43 மி.மீ. வருகிறது. கண்ணாடியிழைக் கூடோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளும், அதாவது 1.3 மி.மீ. அளவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, முக்கால் மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட அந்த இழுவையை, ஒவ்வொரு நாளும் தாங்கவேண்டியது நடுவே நிற்கும் பசை. அது ரப்பர்போல் வளைந்து கொடுக்கக் கனம் வேண்டும். காகிதம்போல் மெலிந்திருந்தால், ஒன்று பசை கிழியும். அல்லது கண்ணாடி உடையும். எட்டாம் வகுப்பில் 'இது எதற்குப் பயன்படும்' என்று நீங்கள் சலித்துக்கொண்ட வெப்ப விரிவுப் பாடம் இதுவேயாகும்.

இந்தப் பசை காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உண்டு இறுகுகிறது. வெளிப்புறம் முதலிலும் உட்புறம் பின்னரும் இறுகும். ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. என்பது பொதுவான அளவு. குளிரிலும் வறண்ட காற்றிலும் வேகம் குறையும். எத்தனை நேரம் கழித்து வண்டியை ஓட்டலாம் என்பதைக் குழாயின்மேல் அச்சிட்டிருப்பர். அதைப் படித்தறிந்து பொறுத்திருக்கவேண்டும். அதுவரை பக்கக் கண்ணாடிகளைச் சற்றே இறக்கி வைப்பர். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளும். விபத்து நேருங்கால், உள்ளிருப்போர் வெளியே வீசப்படாமல் காப்பவற்றுள் முன்கண்ணாடியும் ஒன்று. பல புதிய கார்களில் இடப்பக்கப் பயணியின் காற்றுப்பை விரியும்போது முட்டி நிற்பதும் இதன்மேல்தான். ஆகவே, மெழுகைத் துடைக்காத சோம்பல் ஓர் உயிரோடு சம்பந்தப்பட்டது.

இன்னோர் உயிரும் இதில் உண்டு; அது வேலை செய்பவனுடைய உயிர். இளைஞர்களே, இதைக் கூர்ந்து கேளுங்கள். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வண்ணத்தின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உள்ளது. அதனை ஸ்பிரே கன்னால் அடிக்கும்போது எழும் மூடுபனி நுரையீரலுக்குள் புகுந்தால், ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும்; அந்தத் தொழிலையே விடவேண்டி நேரும். தீங்கான அளவிலும் அதன் மணம் எச்சரிக்கை தராது. 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பொருள். வண்ணத்தில் இருப்பது அந்த வாயுவன்று; ஆயினும் விளையாட்டுக்குரியதும் அன்று. மூக்கில் கைக்குட்டை கட்டுவது இதற்குக் காப்பாகாது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழித் தரும் முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றும் தனி அறையும் வேண்டும். பிரிட்டனில் வீட்டில் கார் கட்டுவோர் பலர் மற்ற வேலைகளைத் தாமே செய்தாலும், இவ்வண்ணத்தை மட்டும் அத்தகைய அறையுள்ள பட்டறையில் ஒப்படைப்பது இதனால்தான். கூலிக்கு வேலை செய்பவனும் இதைக் கேட்க உரிமையுடையவன். 'பழகிவிட்டது' என்று மேஸ்திரி சொன்னால் நம்பவேண்டா. நுரையீரல் இதற்குப் பழகுவதில்லை.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் நாட்டில் வாகனத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள இயலாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி செய்தலை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே கிட் கார் கட்டுங்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் கரூரில் பேருந்துக் கூடு கட்டும் தொழிலும், நாமக்கல் வட்டாரத்தில் லாரிக் கூடு கட்டும் தொழிலும் ஓங்கி நிற்பதை அறிவீர்கள். அடிச்சட்டம் ஓரிடத்திலிருந்து வர, கூடு மற்றோரிடத்தில் எழுகிறது. அங்கும் பிரைமர் உண்டு, பசை உண்டு, கண்ணாடி உண்டு. ஊர்தோறும் உள்ள டிங்கரிங் பட்டறைகளிலும் உண்டு. அவ்வேலைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கின்றனர்.

அவர்களுள் பெரும்பாலோர் வேலையைக் கண்ணால் கற்றவர்கள். மேஸ்திரி செய்தார், நாமும் செய்கிறோம் என்பது அவர்கள் நிலை. அதனைக் குறைவாக மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் கண்ணால் கற்றது, பொருள் மாறும்போது கைவிடுகிறது. நேற்று ரப்பர்; இன்று பசை. நேற்று இரும்புத் தகடு; இன்று கண்ணாடியிழை. புதிய குழாயின்மேல் அச்சிட்டதைப் படித்துக் காரணம் உணரத் தெரிந்தவன் நிலைப்பான். தெரியாதவன் இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பின்னும் உதவியாளனாகவே இருப்பான். கையால் செய்பவன் ஒருவன், காரணம் அறிபவன் மற்றொருவன் என்று பிரித்து வைத்த பழைய ஏற்பாட்டில் நம்மவர்க்குக் கிடைத்தது கை மட்டுமே. கருத்தையும் சேர்த்துத் தருவதற்குத்தான் பள்ளி. அதற்குத்தான் இச்சங்கமும் இதன் இருபத்தைந்து ஆண்டு உழைப்பும்.

ஆகவே மாணவர்களுக்கு நாம் சொல்வது இது. பாடம் படிக்கும்போது, இது எந்தக் கைவேலைக்குள் இருக்கிறது என்று தேடுங்கள். தொழில் புரியும் இளைஞர்களுக்குச் சொல்வது: ஒவ்வொரு செய்கைக்கும் 'ஏன்' என்று கேளுங்கள், டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படியாமல் மூடியைத் திறக்காதீர்கள், மூச்சைக் காக்கும் கருவியின்றிக் கன்னைப் பிடிக்காதீர்கள். பெற்றோர்க்குச் சொல்வது: பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பட்டறைக்குப் போகிறேன் என்றால், நேரே அனுப்பிவிடாமல் தொழிற்பயிற்சி நிலையத்தின் வழியாக அனுப்புங்கள். சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்: மாலை வகுப்புகளில் வாரத்துக்கு ஒருநாள், தொழில் செய்வோருக்கான பௌதிக, இரசாயனப் பாடத்தையும் தொடங்குங்கள், தேர்ந்த மேஸ்திரி ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் ஒரே மேசையில் நின்று அதனை நடத்தட்டும்.

வண்ணத்தின் பளபளப்பைப் பார்ப்பவர் பலர். அதன் அடியில் துடைத்த கையை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆயினும் கண்ணாடியைத் தாங்கி நிற்பது அந்தத் துடைப்பே. அத்தகைய வேலையைக் காரணம் அறிந்து செய்யும் தலைமுறையாக நம் இளைஞர் விளங்குக என வாழ்த்தி அமைகிறோம்.